பழமைக்கும் ஸனது வேண்டும்

தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் அதியமான்கோட்டை. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்து புகழ்பெற்ற தகடூர் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சியின் குலப்பெயரை அவ்வூர் இன்றளவும் தாங்கி நிற்கிறது. அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோவில் மண்டபத்தின் மேல்விதானத்தில் பழங்கால வண்ண ஓவியங்கள் காணப்படுகின்றன. அண்ணாந்து நோக்குவோர் உள்ளத்தில் மூன்று வினாக்கள் எழுதல் இயல்பு. இவை எத்தனை நூற்றாண்டுப் பழமை உடையவை? இன்று நாம் காண்பது அன்றைய ஓவியன் தீட்டியதுதானா, பிற்காலத்தார் மேலே பூசியதா? இனிவரும் தலைமுறையும் காணுமாறு இவற்றைக் காப்பது எங்ஙனம்?

வணங்கும் முறையால் நாம் வேறுபட்டோர் எனினும், முன்னோர் விட்டுச் சென்ற தொன்மைச் செல்வங்கள் நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவானவை. அதுமட்டுமன்று. இதே மூன்று வினாக்கள் நம் இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் விடை காணப்படாமல் கிடக்கின்றன. பாட்டனார் காலத்துக் கையெழுத்துக் குர்ஆன் பிரதி, அரபுத் தமிழ்க் கிதாபு, பழம் பள்ளியின் கல்வெட்டு ஆகியவற்றின் வயதை நாம் கேள்வியால் அறிகிறோமேயன்றி ஆய்ந்து அறிவதில்லை. ஆதலின், பழம்பொருளின் காலத்தைக் கணிக்கவும், மெய்ம்மையைத் துணியவும், அழியாமற் காக்கவும் அறிவியல் கண்டுள்ள வழிகளை முஸ்லிம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம்.

ஆராய்ந்து ஏற்பது நம் மரபு

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்த பின்னரே நம்புமாறு பணிக்கப்பட்டவர்கள் நாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழிகளைத் தொகுத்த இமாம்கள், செய்தி எத்துணை இனிமையானது என்று பார்க்கவில்லை. யார் யாரிடமிருந்து கேட்டார், அவர் எத்தகையவர், இருவரும் சந்தித்திருக்க இயலுமா என்று பார்த்தனர். இந்த அறிவிப்பாளர் சங்கிலியே ஸனது எனப்படுகிறது. ஸனது அறுந்த செய்தியை, எவ்வளவு சிறப்பாயினும், ஸஹீஹ் என்று அவர்கள் கூறினாரல்லர்.

பழம்பொருளுக்கும் இந்நெறி முற்றிலும் பொருந்தும். எங்கிருந்து கிடைத்தது, எந்த மண் அடுக்கில் இருந்தது, யார் கைகளைக் கடந்து வந்தது என்பனவே அதன் ஸனது. அச்சங்கிலி அறுந்துபோனால், ஆய்வுக்கூடம் எத்துணைச் சிறந்ததாயினும் பாதி விடையே தர இயலும்.

கரித்துண்டு சொல்லும் காலம்

உயிருள்ள மரமும் செடியும் காற்றிலிருந்து கார்பனை ஏற்கின்றன. அவற்றை உண்ணும் விலங்குகளின் உடலிலும் அது சேர்கிறது. அந்தக் கார்பனில் மிகச் சிறு பங்கு, கார்பன் 14 எனப்படும் கதிரியக்கத் தன்மையுடையது. உயிர் பிரிந்தபின் புதிதாக அது சேர்வதில்லை. உள்ளது சிறிது சிறிதாகக் குறைகிறது. ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் அது பாதியாகிவிடும். எஞ்சியிருப்பதை அளந்தால், உயிர் பிரிந்து எத்தனை காலம் ஆயிற்று எனக் கணிக்கலாம். 1940-களின் இறுதியில் இம்முறையைக் கண்ட வில்லர்டு லிபி என்னும் அமெரிக்க அறிஞர் 1960-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். தொடக்கத்தில் பல கிராம் பொருளை எரித்தே அளக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த ஏ.எம்.எஸ். என்னும் கருவி முறையால் சில மில்லிகிராம் போதுமானதாயிற்று.

இதன் பயனை அதியமான் நாட்டிலேயே காணலாம். 2004-ஆம் ஆண்டுவரை தர்மபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்து, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது மயிலாடும்பாறை. அங்கு மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகள் ஏ.எம்.எஸ். முறையில் ஆராயப்பட்டன. கி.மு. 1615, கி.மு. 2172 என இரு காலங்கள் பெறப்பட்டன. 2022-ஆம் ஆண்டு மே மாதம் இச்செய்தி சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோது, தமிழகத்தில் இரும்பின் தொன்மை நான்காயிரம் ஆண்டுகளைத் தாண்டிற்று. 2025-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த அறிக்கையோ, தூத்துக்குடி மாவட்டச் சிவகளை மாதிரிகளைக் கொண்டு அதனை மேலும் ஓராயிரம் ஆண்டு பின்னோக்கிக் கொண்டு சென்றது. அமெரிக்காவிலுள்ள ஆய்வகத்தோடு, லக்னோவிலும் அகமதாபாத்திலும் உள்ள ஆய்வகங்களும் இவ்வாய்வில் ஈடுபட்டன. சாட்சி ஒருவர் சொல்வதினும் பலர் ஒத்துச் சொல்வது வலுவுடையதன்றோ?

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. இவ்விடங்களில் காலம் கணிக்கப்பட்டது இரும்புக்கு அன்று. அதனருகே கிடைத்த கரி போன்ற பொருள்களுக்கே. கரியும் இரும்பும் ஒரே காலத்தில் புதைந்தன என்பதைக் கூறுவது மண் அடுக்கு. அகழ்ந்தோர் அதைச் செவ்வனே குறித்து வைத்தாலன்றி ஆய்வகத்தின் எண் பயனற்றது. நூற்றாண்டு கண்ட மரத்தின் உள்வைரத்தை எரித்த கரி, எரித்த நாளினும் பழைய காலத்தைக் காட்டிவிடவும் கூடும். ஓராண்டே வளரும் பயிரின் விதைக்கு இக்குறை இல்லை. சிவகளையின் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல், கி.மு. 1155 எனக் காலம் காட்டியபோது அறிஞர் மகிழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லின் வயதும் எழுத்தின் வயதும்

கல்லில் உயிர் இருந்ததில்லை. ஆதலின் கல்வெட்டைக் கார்பன் முறையால் கணித்தல் இயலாது. பாறை கோடி ஆண்டுப் பழமை உடையதாயினும், அதன்மேல் வெட்டிய எழுத்து நேற்றையதாகவும் இருக்கலாம். இங்கு சாட்சியாக நிற்பவை எழுத்தின் வடிவமும், மொழியின் நடையும், வெட்டின்மேல் காலம் படிந்த தேய்வுமே.

1981-ஆம் ஆண்டு திருக்கோவிலூர் வட்டாரத்து ஜம்பையில் ஒரு பாறைக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. தமிழ் பிராமி எழுத்தில் அமைந்த அச்சிறு வரி, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடத்தைக் குறிக்கிறது. பேரரசர் அசோகர் தம் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு ‘சதியபுத்திரர்’ என்பாரையும் குறித்திருந்தார். அவர் யாவர் என்பது நெடுங்காலம் ஆராய்ச்சியாளரின் விவாதப் பொருளாக இருந்தது. அதியமான் குலத்தாரே அவர் என்பதற்கு ஜம்பைக் கல் சான்று பகர்ந்தது. சங்கப் புலவர் பாடிய பெயர் பாடலில் மட்டுமன்றிப் பாறையிலும் நின்றது. ஒரு வரி எழுத்து செய்த பணி இது. அதன்மேல் எவரேனும் சுண்ணாம்பு பூசியிருந்தால்?

நம் பள்ளிவாசல்களை எண்ணிப் பாருங்கள். திருச்சிராப்பள்ளிக் கோட்டை இரயில் நிலையத்தருகே உள்ள கல்லுப்பள்ளியில், ஹிஜ்ரி 116-ஆம் ஆண்டைக் குறிப்பதாகக் கூறப்படும் அரபுக் கல்வெட்டு உள்ளது, அது கி.பி. 734-க்கு நேராகும். இத்தகைய கல்வெட்டுகளை நாம் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். ஆனால் அப்பெருமையை உலகம் ஏற்கச் செய்வது முழக்கமன்று. எழுத்தைப் படியெடுத்து, வடிவத்தை ஒப்பிட்டு, கட்டடத்தின் பகுதிகளைக் காலவாரியாகப் பிரித்தறியும் ஆய்வே. பழம் பள்ளிகள் பலவற்றில் சீரமைப்பு என்ற பெயரில் கல்லெழுத்தின்மீது எனாமல் வண்ணம் அடிக்கப்படுவதைக் காண்கிறோம். எழுத்தின் ஓரங்கள் மழுங்கும்; கல்லின் ஈரம் வெளியேற வழியின்றி மேற்பரப்பு உரிந்து விழும். சாட்சியின் வாயைக் கட்டிவிட்டு, அவர் பெயரால் வாதிடுவது முறையாகுமா?

தோல் வேறு, எழுத்து வேறு

2015-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் உலக முஸ்லிம்களின் உள்ளத்தைக் கவர்ந்த செய்தி ஒன்று வெளிவந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், 1920-களில் திரட்டப்பட்ட தொகுப்பொன்றில் இரண்டு தோல் ஏடுகள் வேறொரு குர்ஆன் பிரதியின் ஏடுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அவற்றில் கஹ்ஃபு, மர்யம், தாஹா ஆகிய சூராக்களின் பகுதிகள் உள்ளன. ஆல்பா ஃபெடேலி என்னும் ஆய்வாளர் இவ்வேடுகள் தனித்தவை எனக் கண்டார். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகம் தோலின் ஒரு சிறு துணுக்கைக் கணித்து, அது கி.பி. 568-க்கும் 645-க்கும் இடைப்பட்டது என்று 95 விழுக்காட்டுக்கு மேலான உறுதியுடன் கூறியது. அண்ணலார் (ஸல்) அவர்கள் வாழ்ந்ததும், முதல் கலீஃபாக்கள் ஆண்டதும் இக்காலத்தை ஒட்டியே.

செய்தி வந்தவுடன் இரு சாரார் விரைந்தனர். ஒரு சாரார், இன்ன ஸஹாபியின் கைப்பட எழுதியதே என்றனர். மறுசாரார், தோலின் காலம் 568-லேயே தொடங்குகிறதே. எனவே எழுத்து நபித்துவத்துக்கும் முந்தியது என்றனர். இரு கூற்றும் அளவு மீறியவை. ஆய்வகம் கணித்தது அந்த ஆடோ கன்றோ இறந்த காலத்தை. மை தோய்ந்த காலத்தை அது கூறவில்லை. எழுதிய கை யாருடையது என்றும் கூறவில்லை. தோல் பதப்படுத்தப்பட்டுச் சில ஆண்டுகள் கழித்தும் எழுதப்பட்டிருக்கலாம். எழுத்தின் காலத்தை அறிய, எழுத்தமைப்பையும் ஆயத்துகளைப் பிரிக்கும் குறிகளையும் பிற பிரதிகளோடு ஒப்பிடல் வேண்டும். இதே பிரதியைச் சேர்ந்த மேலும் 16 ஏடுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருப்பதை அறிஞர் கண்டதும் அத்தகைய ஒப்பீட்டால்தான்.

இத்துறையில் உண்மைக்கு அஞ்சாத ஓர் அறிஞரை இங்கு நினைவுகூர்தல் தகும். இஸ்தான்புல் தோப்காபி அருங்காட்சியகத்தில் உள்ள பழம்பெரும் முஸ்ஹபு, ஹள்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் ஓதிய பிரதியே என்று பலரால் நம்பப்பட்டு வந்தது. துருக்கியின் சமய விவகாரத் துறைக்குத் தலைமை வகித்த தய்யார் அல்திகுலாச் அவர்கள் அதனை எழுத்தெழுத்தாக ஆராய்ந்து 2007-இல் பதிப்பித்தார். அது கலீஃபா அவர்களின் சொந்தப் பிரதியன்று. பிற்பட்ட உமையாக்கள் காலத்தது என்பது அவர் முடிவு. இதனால் இறைமறைக்குக் குறைவு நேர்ந்ததா? இல்லை. நெஞ்சங்களில் மனனமாக வாழும் மறைக்கு, ஒரு பிரதியின் வயதைக் கூட்டிச் சொல்லி வலுச்சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் பொய்யான பழமை பின்னர் வெளிப்படுமாயின், மெய்யான பழமையையும் மக்கள் ஐயுறுவர்.

எடை கூறும் உண்மை

பொருளைச் சிதைக்காமலே அதன் மெய்ம்மையை அறியும் முயற்சி இன்றைக்கு நேற்றுத் தோன்றியதன்று. அல்பீரூனீ (973–1048) அவர்கள் பொன், வெள்ளி, மாணிக்கம் முதலியவற்றின் ஒப்படர்த்தியை நீரின் துணையால் அளந்து, ஒன்றையொன்று பிரித்தறிய வழி கண்டார்கள். அல்காஸினீ அவர்கள் 1121-ஆம் ஆண்டளவில் எழுதிய ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூல், பொன்னில் கலந்த கலப்படத்தைக் காட்டும் நீர்த்தராசை விளக்குகிறது. இந்தியத் தொல்லியல் துறையில் 1917-இல் தொடங்கிய வேதியியல் பிரிவின் முதல் வேதியியலாளர் கான்பகதூர் முஹம்மது ஸனாவுல்லாஹ். மொஹஞ்சதாரோ, ஹரப்பா ஆகிய இடங்களின் செம்பையும் வெண்கலத்தையும் பகுத்தாய்ந்து அவற்றின் சேர்மானத்தை உலகுக்குக் கூறியவர் அவரே.

இன்று எக்ஸ்-கதிரைப் பாய்ச்சியே உலோகக் கலவையை அறிகின்றனர். சுட்ட மண்கலம் கடைசியாகச் சூளையில் வெந்தது எப்போது என்பதை, அதைச் சூடாக்கும்போது வெளிப்படும் மெல்லிய ஒளியால் கணிக்கின்றனர். வண்ணங்களும் பேசுகின்றன. பிரஷ்ய நீலம் 1700-களின் தொடக்கத்தில்தான் உருவானது. துணி வெளுக்கப் பயன்பட்ட செயற்கை நீலம் 1820-களில் வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியம் என்று கூறப்படுவதில் இவை காணப்படின், அப்பகுதி பிற்காலத்துப் பூச்சு என்பது தெளிவு. அதியமான்கோட்டை விதானம் போன்ற ஓவியங்களில் எது முதல் தீட்டல், எது பிந்தைய திருத்தம் எனப் பிரித்தறிய இத்தகைய சோதனையே துணை.

நீதிமன்றத்திலும் இவ்வறிவியல் சாட்சி கூறியிருக்கிறது. தஞ்சைத் தரணியின் பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் வெண்கலம் கடல் கடந்து இலண்டன் சென்றது. அது பத்தூரினதே என நாட்ட, அதில் ஒட்டிய மண்ணும் கறையான் புற்றின் தடமும்கூட ஆராயப்பட்டன. 1988-இல் இலண்டன் நீதிமன்றம் தமிழகத் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடும் தள்ளுபடியாகி 1991-இல் அது தாயகம் திரும்பியது. அந்த வெண்கலத்தை எவரேனும் புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கியிருந்தால், அந்தச் சாட்சி அன்றே அழிந்திருக்கும்.

காப்பதில் கடைப்பிடிக்க வேண்டியவை

தஞ்சைப் பெரிய கோவிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட வழியில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அதன் சுண்ணச் சாந்தையும் வண்ணங்களையும் ஆராய்ந்தார். கீழுள்ளது வேண்டுமென்று மேலுள்ளதைச் சுரண்டி எறிதல் எளிது. பின்னாளில் தொல்லியல் துறை வல்லுநர் அவ்வாறு செய்தாரல்லர். நாயக்கர் ஓவியத்தையும் அடுக்காகப் பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகையில் பதித்துக் காத்தனர். இரண்டு காலமும் பிழைத்தன.

பாதுகாப்புக் கலையின் அடிப்படை விதிகள் இரண்டே. குறைந்த அளவே கை வைத்தல் ஒன்று. செய்ததைப் பின்னர் நீக்கக்கூடியதாகச் செய்தல் மற்றொன்று. இவ்விதிகளை நம் இல்லங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

பழைய கிதாபுகள் பலவற்றின் மை, மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சியது. அதன் அமிலம் காலப்போக்கில் காகிதத்தையே தின்று, எழுத்து இருந்த இடத்தில் துளையை விட்டுச் செல்லும். ஈரம் இதை விரைவுபடுத்தும். ஆகவே கிதாபைச் சுவரோடு ஒட்டிய அலமாரியிலோ சமையலறை அருகிலோ வைக்காதீர்கள். வெயிலிலும் உலர்த்தாதீர்கள். தூய பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் படுக்கை வாட்டில் வையுங்கள். கிழிந்த ஏட்டில் ஒட்டுநாடா ஒட்டுதல் வேண்டாம். அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்தோடு ஒன்றிவிடும். பிளாஸ்டிக் உறையிட்டுச் சூட்டில் ஒட்டுதல் அதனினும் கேடு, மீட்கவே முடியாது. பூச்சி அரித்திருப்பின் மருந்து தெளிக்காமல், அதைத் தனியே பிரித்து வைத்து வல்லுநரிடம் காட்டுங்கள்.

சிதைந்த குர்ஆன் ஏடுகளைக் கண்ணியமாக மண்ணில் புதைப்பதும் நீரில் சேர்ப்பதும் நம்மிடையே உள்ள வழக்கம். காலடியில் படாமற் காக்கும் அந்நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் கையெழுத்து ஏடாயின், புதைக்குமுன் அறிந்தோரிடம் ஒருமுறை காட்டுதல் வேண்டும். யமன் நாட்டு ஸன்ஆ பெரிய பள்ளியின் கூரையிடுக்கில் 1972-இல் குப்பையெனக் குவிந்து கிடந்த ஏடுகள் சாக்குகளில் அள்ளி வைக்கப்பட்டன. அதன் அருமையை நீதிபதி இஸ்மாயீல் அல்அக்வஃ உணர்ந்திராவிடில், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குர்ஆன் பிரதிகளின் பகுதிகள் உலகுக்குக் கிட்டியிரா. அவற்றுள் ஒன்றில், கழுவி அழிக்கப்பட்ட முதல் எழுத்து புறஊதாக் கதிரின் கீழ் மீண்டும் தோன்றிற்று. ஸஹாபாக்களின் தனிப்பிரதிகளைப் பற்றி உலமாக்கள் எழுதி வைத்த செய்திகளோடு அதனை ஒப்பிட்டு இன்றும் ஆராய்கின்றனர்.

சட்டத்தையும் அறிந்து கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புடைய கையெழுத்துப் பிரதிக்கு 75 ஆண்டும், பிற பொருளுக்கு 100 ஆண்டும் நிரம்பினால் அது தொல்பொருள். அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். வாசலில் வந்து நல்ல விலை தருவதாகக் கூறுவோரிடம் எச்சரிக்கையாயிருங்கள். சென்னையில் 1869 முதல் இயங்கிவரும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபு, பார்சிச் சுவடிகளும் உள்ளன. பழஞ்சுவடியின் அருமை அறிந்தோரை அத்தகைய இடங்களில் நாடலாம்.

இறுதியாக, எந்தக் கருவியும் இல்லாமல் இன்றே செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. வீட்டிலுள்ள பழைய கிதாபை எடுத்து, அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஊரில் இருந்தது, இன்ன ஆண்டில் இன்னார் கொடுத்தார் என்பதைக் குடும்பத்தின் முதியோரிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதி, அதனோடு சேர்த்து வையுங்கள். உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், கேள்விப்பட்டதைக் கேள்வி என்றும் குறியுங்கள். வயதைக் கூட்ட வேண்டாம். காகிதத்தின் வயதை ஆய்வகம் எப்போது வேண்டுமாயினும் சொல்லிவிடும். அது கடந்து வந்த கைகளை உங்கள் வீட்டு முதியோரன்றி வேறெவரும் சொல்ல இயலாது. அவர்கள் இருக்கும்போதே அந்த ஸனதை எழுதி முடித்தல், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணுவதன் முதற்படியாகும்.